கிராணி வீட்டு மேடு

ஐயா,

இந்த மடலை எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேசாதவள் நான். உங்கள் கருமாதியும் முடிந்த பிறகு பக்கம் பக்கமாக எழுதுவது மரியாதை இல்லை என்று தெரியும். மரியாதைக்காக எழுதவும் இல்லை. முதலில் ‘நீ’ என்று தொடங்கித்தான் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. அதனால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். இதை அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கம், அவ்வளவுதான். நம் தோட்டத்தில் எத்தனை பேர் எத்தனை காரியங்களை வெறும் பழக்கத்தால் செய்தார்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

நேற்று வேலை முடிந்து வரும் வழியில், கூலிம் சாலை மேட்டில் எனக்கு முன்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று நின்றுவிட்டது. ஓட்டியவன் அதை ஏற்றப் பார்த்தான். ஏறவில்லை. உறுமியது, பின்னால் ஓரடி சரிந்தது, மறுபடி உறுமியது. பிறகு அந்த வாடை வந்தது. கிளட்ச் எரியும் வாடை. ஈரச் சாக்கையும் முடியையும் சேர்த்துக் கொளுத்தியதுபோல் இருக்கும். கண்ணாடியை ஏற்றினேன். அதற்குள் வாடை உள்ளே வந்துவிட்டது, அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையோடு, கையில் செய்தித்தாளோடு.

எங்கள் ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி நீங்கள், கணக்கும் ஆள் பட்டியலும் உங்கள் கையில். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த நிரையில் பால் எடுக்க மரம் வெட்டு, யாருக்கு இன்று வேலை இல்லை என்று சொன்னது உங்கள் வாய்தான். துரைகள் வந்தார்கள், போனார்கள். நீங்கள் இருந்தீர்கள். பெரட்டில் அப்பாவைப் பட்டியல் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள். மற்ற நேரத்தில் ‘டேய்’.

உங்கள் வீடு மேட்டின் நடுவில் இருந்தது. கீழே நாங்கள் குடியிருந்த லயங்கள். மேலே அலுவலகமும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் கரங்கானுக்குப் போகும் தார்ச்சாலையும். எங்கே போவதென்றாலும் உங்களைக் கடந்தாக வேண்டும். சைக்கிளில் வருகிறவர்கள் உங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் சிறு பாலத்தில் இறங்கி, உங்கள் வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். இப்படி எந்தப் பலகையிலும் எழுதி வைத்திருக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏற்றத்தின் நடுவில் இறங்கியவனால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது. அதனால் வேலி முடிந்த பிறகும் உச்சிவரை தள்ளத்தான் வேண்டும். அப்பா பாலத்தில் இறங்கும்போது பின்னால் கேரியரில் இருக்கும் நானும் குதித்து இறங்குவேன். பள்ளிக்கூடம் போன எல்லா நாளும் அப்படித்தான். பாலத்தின் கட்டை கண்ணில் பட்டதும் என் கால் தானாகத் தரையைத் தேடும்.

ஒரு நாள் மட்டும் அப்பா இறங்கவில்லை. உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு எட்டு வயது. காய்ச்சலில் தலை நிற்கவில்லை. அப்பா என்னைக் கேரியரில் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் இருக்கத் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று மிதித்தார். பாலம் வந்தது. போனது. உங்கள் வேலியில் பாதிக்கு வந்துவிட்டோம்.

“டேய்!”

அப்பா ஒரு காலை ஊன்றி நின்றார். “ஐயா, புள்ளைக்குக் காய்ச்சலுங்கய்யா. துண்டால கட்டியிருக்கேன். எறங்க முடியல.”

“அவுத்தா எறங்கலாம்தானே?”

“அவுத்தா விழுந்துடுமுங்க.”

“சைக்கிள் உன்னுதுதான்டா. ரோடு யாருது?”

நீங்கள் அவசரப்படவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டுச் சொன்னீர்கள்: “கீழ போயி, ஒழுங்கா எறங்கி வா.”

கீழே போனோம். அப்பா துண்டை அவிழ்த்தார். ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு நடந்தார். உங்கள் வேலியோரம் நான் வாந்தி எடுத்தேன். “மண்ணப் போட்டு மூடிட்டுப் போ” என்றீர்கள். அப்பா கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசாத பிள்ளைகள் நிறையப் பார்ப்பார்கள், ஐயா. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறைத்தேன் என்பீர்கள். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது படிவத்தில் சான்றுக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான். அப்பா உங்கள் படிக்கட்டுக்குக் கீழே நின்றார், நான் அவருக்குப் பின்னால். “கெமிஸ்ட்ரியா? படிச்சு வந்து என்ன செய்யப் போற, பால்ல தண்ணி கலக்குறவனப் புடிக்கவா?” என்று சிரித்தீர்கள். பிறகு தகப்பன் பெயர் என்ற இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, எங்களிடம் கேட்காமலேயே, அழகான சாய்ந்த எழுத்தில் நீங்களே அதை நிரப்பினீர்கள். அப்பாவின் முழுப் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கையெழுத்தால்தான் நான் படித்தேன். அதனால் வேலியோரத்து மண் இல்லையென்று ஆகிவிடாது.

படித்து முடித்து, கூலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா வாளியில் சுமந்த அதே ரப்பர் பாலை நான் கண்ணாடிக் குழாயில் பார்க்கிறேன். வாகன உரிமத்துக்குப் பழகினேன். பரீட்சையில் மேட்டில் நிறுத்தி, பின்னால் சரியாமல் கிளப்ப வேண்டும். அதில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை எப்படித் தேறினேன் என்று இன்னும் தெரியவில்லை. சோதனை அதிகாரிக்கு என் முகம் சலித்திருக்கலாம்.

கார் வாங்க நான் ஒருத்தியாகத்தான் போனேன். பழைய கார் விற்கும் கடை, பாய் ஒருவர் வைத்திருந்தார். வரிசையின் கடைசியில் தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கார் நின்றது. இரண்டே கதவு. மூக்கு நீளம்.

“பாய், அந்தச் செவப்பு.”

“அதுவா? அது வேணாம்மா. பந்தயம் ஓட்டுற பையன் வச்சிருந்த காடி. லைசென்ஸ் எடுத்து எத்தன நாளாச்சு?”

“மூணு மாசம்.”

“மூணு மாசத்துக்கு இந்தக் காடியா! கால வச்சா அது உன்னக் கேக்காதுலா, அது பாட்டுக்குப் போயிடும். தோ, இந்த வெள்ளையப் பாரு. டீச்சருங்க எல்லாம் இதத்தான் எடுக்குறாங்க. ஆடு மாதிரி, சொன்னாக் கேக்கும்.”

நான் அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். “எது சத்தம் அதிகம்?”

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “சத்தத்துக்கா காடி வாங்குவாங்க?”

ஆமாம், ஐயா. சத்தத்துக்குத்தான். செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கும் ஒருவரைத் தலை நிமிர்த்த வைக்கும் சத்தம் எனக்குத் தேவையாக இருந்தது. அந்தக் காரை நான் ரசிக்கவில்லை. வேகம் என்றால் எனக்குப் பயம். வளைவுகளில் மோட்டார் சைக்கிள்கள் என்னை முந்திக்கொண்டு போயின. ஆனால் அந்த மேட்டில், அந்த நாற்காலிக்கு முன்னால், அப்பா ஒரே ஒரு முறை உட்கார்ந்தபடி கடக்க வேண்டும். அதற்காக என் சம்பளத்தை எத்தனையோ வருடங்களுக்கு அடகு வைத்தேன். புதிதாக உரிமம் எடுத்தவர்கள் ஒட்டவேண்டிய ‘பி’ எழுத்தைப் பாய் தன் கையாலேயே முன்னும் பின்னும் ஒட்டினார். “இத மட்டும் எடுத்துடாதம்மா. பாக்குறவன் ஒதுங்கிப் போவான்” என்றார்.

முதல் முறை கடப்பது அப்பாவோடுதான் என்று முடிவு செய்திருந்ததால், பின்பக்கம் செம்பனைக் காட்டு வழியாகச் சுற்றிவந்து லயத்துக்குள் காரை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை. நீங்கள் வெளியே உட்காரும் நேரம் எனக்குத் தெரியும்.

அம்மா காரைச் சுற்றி வந்தார். “பின்னால யாரும் ஒக்கார முடியாது போலிருக்கே. இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மூக்கு?”

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றி, தட்டி, இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு ஏறினார். “ஒசத்தி காடின்னு சொன்ன, தரையில ஒக்காந்த மாதிரி இருக்கு” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “எந்தப் பக்கமா போறோம்?” என்றார்.

“மேட்டுப் பக்கம்.”

அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அந்த வருடங்களில் பழைய கெடுபிடி இல்லை என்பது உண்மைதான். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இளவட்டங்கள் உங்கள் வீட்டு முன்னால் வேகத்தை மட்டும் குறைத்தார்கள். நீங்களும் யாரையும் கூப்பிட்டு நிறுத்துவதில்லை. ஆனால் அப்பா வயதுக்காரர்கள் சொல்லாமலேயே இன்னும் இறங்கினார்கள். அன்றும் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது கியரில் வந்தேன். சத்தம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. செய்தித்தாள் இறங்கியது. உங்கள் முகம் தெரிந்தது. நான் இத்தனை வருடம் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துகொண்டிருந்தது. அப்போது பாலத்தின் கட்டை கண்ணில் பட்டது.

என் கால் இறங்கியது, ஐயா.

நான் இறக்கவில்லை. அதுவாக இறங்கியது. கேரியரிலிருந்து குதிக்கும் அதே கால் பிரேக்கில் இறங்கியது. கிளட்சை மிதிக்கவில்லை. கார் ஒரு உதறு உதறி, உங்கள் வேலி தொடங்கும் இடத்தில், உங்கள் கண்ணெதிரே, ஏற்றத்தில், அணைந்துவிட்டது.

கிளப்பினேன். பின்னால் சரிந்தது. பதறி மிதித்தேன். உறுமியது, நகரவில்லை. இன்னும் மிதித்தேன். பரீட்சையில் இரண்டு முறை என்ன செய்தேனோ அதையேதான் செய்தேன், ஆனால் இந்தக் காரின் பலத்தோடு. மூக்கின் அடியிலிருந்து புகை வந்தது. அந்த வாடை வந்தது. மறுபடியும் அணைந்தது.

அப்பா கதவைத் திறந்தார்.

“அப்பா, எறங்காதீங்க!”

“இரும்மா. மேடு. கனம் கொறையட்டும்.”

“வேணாம்பா, எறங்காதீங்க!”

அவர் இறங்கிவிட்டார். வெறுங்காலோடு, அந்தச் சரளைக்கல்லில். காரின் பின்னால் போய்க் கையை வைத்தார். முன்னால் போன இரண்டு பேரும் சைக்கிள்களை உங்கள் வேலியில் சாய்க்கப் பயந்து எதிர்ப்பக்கம் படுக்கவைத்துவிட்டு ஓடிவந்தார்கள். மூன்று பேரும் தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, காரைச் சாலையில் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது. உங்கள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

“என்னடா, காடி வாங்கியும் தள்ளிக்கிட்டுத்தான் போறியா?”

நீங்கள் சிரித்தீர்கள். அதைக்கூட நான் எதிர்பார்த்திருப்பேன். எதிர்பார்க்காதது, அப்பாவும் சிரித்தது. மூச்சு வாங்க, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டே, “ஆமாங்கய்யா” என்று சிரித்தார்.

வேலி முடியும்வரை தள்ளினார்கள். அதற்குமேலும் உச்சிவரை. கார் கிளம்பிய பிறகும் அப்பா ஏறவில்லை. “நீ போயி திருப்பிக்கிட்டு வா, நான் நடந்து வர்றேன்” என்றார். திரும்பி லயத்துக்கு வந்து செருப்பை எடுத்துக் கொடுத்தேன். பாதத்தில் இரண்டு இடத்தில் இரத்தம். “காடியிலேயே கெடக்கட்டும். அடுத்த தடவ ஏறும்போது போட்டுக்குறேன்” என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நான் மேடுகளில் மட்டுமே ஓட்டினேன். கரங்கான் பக்கத்துச் செம்பனைக் காடுகளில் யாரும் வராத ஏற்றங்கள் இருக்கின்றன. நிறுத்துவேன், கிளப்புவேன். நிறுத்துவேன், கிளப்புவேன். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கிளட்சை விடும்போது உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டேன். உங்களை நினைத்து இவ்வளவு ஒழுங்காக எதையும் படித்தவள் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை.

“போதும்மா. அவருதான் பாத்துட்டாருல்ல.”

“என்ன பாத்தாரு? நீங்க தள்ளுனதையா?”

“நம்மகிட்ட காடி இருக்குன்னு பாத்தாருல்ல. அது போதும்.”

அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். பாலத்தைக் கடந்தேன். கால் இறங்கவில்லை. உங்கள் வேலி முழுவதும் அந்தச் சத்தத்தை வாரி இறைத்தேன். கோழிகள் பறந்தன. நீங்கள் செய்தித்தாளை இறக்கவே இல்லை. நான் மறுபடி கீழே போய் மறுபடி வந்தேன். தாளின் ஓரம்கூட அசையவில்லை. அடுத்த மாதம் நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பண்டார் பாருவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்றார்கள்.

அப்பா அந்தக் காரில் பிறகு ஏறவில்லை. “பஸ்ஸு இருக்கே” என்பார். ஒன்றரை வருடத்தில் நெஞ்சு நின்றது. நான் கூலிமிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் கார் எவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் போன செய்தியை அம்மா சொன்னார். “ஒரு எட்டுப் போய்ட்டு வரணும்லா, கையெழுத்துப் போட்டவரு” என்றார். போய்விட்டு வருகிறேன் என்றேன். பண்டார் பாருவில் உங்கள் மகன் வீட்டு முன்னால் சாலையில் பாதிவரை கூடாரம் போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். கார்கள் நின்று, ஆட்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். இறந்தவருக்கு எல்லாரும் செய்கிற மரியாதைதான். நான் முதல் கியரில், நடக்கிற வேகத்தில், அந்தக் கூட்டத்துக்கு நடுவே வந்தேன். கூடாரத்துக்கு நேராக வந்ததும் நிறுத்தினேன். அணையவில்லை. கண்ணாடியை இறக்கினேன். உங்கள் கால் பக்கம் தெரிந்தது. வெள்ளைக் காலுறையைப் போட்டுவிட்டிருந்தார்கள்.

அன்று காரைத் தள்ளிய இருவரில் ஒருவர் கூடாரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து பக்கத்தில் வந்தார்.

“வாம்மா. ஏன் உள்ளயே ஒக்காந்திருக்க? எறங்கலியா?”

“இல்ல மாமா. எறங்கல.”

அவர் என்னைப் பார்த்தார். காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. இரண்டடி ஒதுங்கி, கூட்டத்தைப் பார்த்து, “வழி விடுங்கப்பா, காடி போகட்டும்” என்றார்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. பொய் சொல்லமாட்டேன். பண்டார் பாரு ஊர் முடியும்வரை இருந்தது. பிறகு இடப்பக்க இருக்கை கண்ணில் பட்டது. அது காலியாக இருந்தது. அடியில் அப்பாவின் செருப்பு கிடந்தது. இப்போதும் கிடக்கிறது. காரைக் கழுவும்போது எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறேன். ‘பி’ எழுத்தை எப்போதோ பிய்த்துவிட்டேன். காரை மாற்றச் சொல்லி அம்மா கேட்கிறார், பாயும் கேட்கிறார். மாற்றவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்த மடல் அழகாக முடியும். மன்னிக்கவில்லை. உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் சுற்றிவந்தேன்.

அப்பா உங்களுக்கு முன்பே அங்கே போய்விட்டார். நீங்கள் அங்கேயும் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்திருப்பீர்கள். அவர் சைக்கிளில் அந்தப் பக்கம் வருவார். அந்தச் சாலை யாருடையது என்று எனக்குத் தெரியாது. உங்களுடையது இல்லை என்று மட்டும் தெரியும். ஆனால் அது அப்பாவுக்குத் தெரியாது. உங்களைக் கண்டதும் இறங்கக் காலைத் தூக்குவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னாலும் கேட்கமாட்டார், நீங்களே பார்த்தீர்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

அந்தக் கால் தரையைத் தொடுவதற்கு முன்னால், தயவுசெய்து, நீங்கள் எழுந்து நில்லுங்கள். பெரட்டில் கூப்பிட்ட அதே குரலில், சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, “எறங்காதீங்க, போங்க” என்று சொல்லுங்கள். ‘டேய்’ வேண்டாம். எண்ணும் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரியும். உங்கள் கையாலேயே ஒரு முறை எழுதியிருக்கிறீர்கள்.